தாமஸ் சாக்லி: போதகரா, கேப்டனா, பண்ணைக்காரரா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தாமஸ் சாக்லி என்ற ஆரம்பகாலக் குவேக்கரை (குவேக்கர்கள் இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) ஒரு இடத்தில் போதகர் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் கப்பல் கேப்டன், மூன்றாவது இடத்தில் பென்சில்வேனியாவில் 'பிளான்டேஷன்' வைத்திருந்தவர். இது ஒரே ஆளா, மூன்று பேரா? சண்டையே கூடாது என்ற கூட்டத்துக்காரர் கடற்கொள்ளைக்காரர்கள் திரிந்த காலத்தில் எப்படிக் கப்பல் ஓட்டினார்? குடும்பமும் நிலமும் என்ன ஆயின? அப்புறம் உங்களோடு வேலை செய்யும் அமெரிக்கர், அதே குடும்பப் பெயர் உள்ளவர், "நான் அவர் வம்சம்" என்கிறாரே, அது நிஜமா? கடைசிக் கேள்விதான் உண்மையில் உங்களைக் குடைகிறது என்று நினைக்கிறேன்.

நான் வரலாறு படித்தவன் கிடையாது. முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன், மேட்டாகத்தான் (கேப்டனுக்குக் கீழே உள்ள அதிகாரி) ஓய்வு பெற்றேன். கப்பலில் இராக் காவல் முடிந்து தூக்கம் வராத நேரங்களில் பழைய மாலுமிகளின் நாட்குறிப்புகளைப் படிக்கும் பழக்கம் வந்தது, அது விடவில்லை. அதனால் கடல் பற்றிய பகுதியை நம்பிக்கையோடு சொல்வேன். காலனி காலத்து நிலப் பத்திரங்களை நானே அலசியவன் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரே ஆள்தான். அவருடைய நாட்குறிப்பு அவர் இறந்தபின் 1749இல் பிலடெல்பியாவில் அச்சானது, அச்சிட்டவர்கள் பெஞ்சமின் பிராங்க்ளினும் அவருடைய கூட்டாளி டேவிட் ஹாலும். அதிலேயே போதகர், வியாபாரி, கேப்டன், விவசாயி எல்லாரும் ஒரே கையெழுத்தில் வருகிறார்கள். ஆனால் வரிசை முக்கியம். பல பேர் நினைப்பதுபோல அவர் கப்பல்காரராக இருந்து ஞானம் பெற்றுப் போதகரானவர் கிடையாது. முதலில் போதகர், கடலுக்குத் தள்ளியது பின்னால் வந்த கடன்.

பிறந்தது லண்டனில், தேம்ஸுக்குத் தெற்கே சதர்க்கில், 1675 மே 3. அப்பா ஜார்ஜ், அம்மா ரெபெக்கா. அப்பாவுக்கு மாவு வியாபாரம். இந்தத் தேதியிலேயே ஒரு வில்லங்கம் உண்டு, குவேக்கர் குடும்பங்களைத் தேடுகிற எல்லாரும் ஒருமுறையாவது இதில் சறுக்குவார்கள். ஜனவரி, மார்ச் எல்லாம் ரோமானியத் தெய்வங்களின் பெயர் என்பதால் குவேக்கர்கள் மாதப் பெயரை எழுதமாட்டார்கள், எண்தான். அவர் பிறந்தது 'மூன்றாம் மாதம் மூன்றாம் நாள்'. உடனே மார்ச் 3 என்று எழுதிவிடுவார்கள். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் வருஷம் பிறந்தது மார்ச் 25இல். குவேக்கர்களுக்கு முதல் மாதம் மார்ச். அப்படியானால் மூன்றாவது மே. அதேபோல அவர் இறந்தது 'ஏழாம் மாதம் நான்காம் நாள்', 1741. அது ஜூலை இல்லை, செப்டம்பர். செப்டம்பர் என்ற சொல்லிலேயே லத்தீன் ஏழு ஒளிந்திருக்கிறது, அதை நினைவில் வைத்தால் போதும். உங்கள் நண்பர் காட்டிய குடும்ப மரத்தில் மார்ச் 3, ஜூலை 4 என்று இருந்தால், போட்டவர் மூலத்தைப் பார்க்காமல் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

சின்ன வயதில் பள்ளிக்குத் தனியாக இரண்டு மைல் நடந்து போயிருக்கிறார். உடையின் எளிமையைப் பார்த்தே குவேக்கர் வீட்டுப் பையன் என்று தெரிந்துவிடும், தெருவில் அடியும் கல்லும் விழுந்தன. இவனைக் கொன்றால் நாயைக் கொன்றதைவிட அதிகப் பாவமில்லை என்றுகூடச் சிலர் சொன்னதாக எழுதியிருக்கிறார். அவர்கள் மேல் ஊருக்கு ஏன் அத்தனை எரிச்சல் என்பது தமிழில் சொன்னால் சட்டென்று விளங்கும்: நீதிபதியானாலும் பிரபுவானாலும் 'நீ' என்றுதான் பேசுவார்கள், 'நீங்கள்' கிடையாது, தலையில் இருக்கும் தொப்பியையும் கழற்றமாட்டார்கள். நம் ஊரில் தாசில்தாரிடம் போய் அப்படிப் பேசிப் பாருங்கள்.

இருபது வயது வாக்கில் கடற்படைக்கு ஆள்பிடிக்கிறவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கப்பலின் இருட்டான அடித்தளச் சரக்கறைக்குள் தள்ளினார்கள், படுக்கப் பீப்பாய்களைத் தவிர வேறு ஒன்றும் இல்லை, சுற்றிலும் கெட்ட வார்த்தை. காலையில் மேலே கூப்பிட்டு, அரசருக்குச் சேவை செய்வாயா என்று கேட்டார்கள். என் தொழிலில் என் மனசாட்சிப்படி செய்வேன், மனிதரைக் கொல்ல மட்டும் முடியாது, மலைப்பிரசங்கம் தடுக்கிறது என்றார். லெப்டினன்ட் மற்றவர்களைப் பார்த்து, "இவனை என்ன செய்வது, சண்டை போடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறானே" என்றானாம். கமாண்டர், "இல்லையில்லை, இவன் சத்தியமும் செய்யமாட்டான், சண்டையும் போடமாட்டான்" என்று சொல்லிக் கரையில் இறக்கிவிட்டான். அந்தக் கமாண்டருக்குக் குவேக்கர்களை நன்றாகவே தெரிந்திருக்கிறது: சண்டை மறுப்பைப் போலவே சத்தியம் செய்ய மறுப்பதும் அவர்கள் கொள்கை. கப்பல்காரனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சுங்கத்தில் சரக்குக் கணக்குக் கொடுக்கக் கேப்டன் சத்தியம் செய்தாக வேண்டும். 1696இல் சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி சொன்னால் போதும் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்ததால்தான் குவேக்கர் வியாபாரிகள் ஓரளவு மூச்சு விட்டார்கள்.

1697 கடைசியில் முதல் அமெரிக்கப் பயணம், போதிப்பதற்காக, ஜோசையா என்ற கப்பலில். அதன் மாஸ்டர், அதாவது கேப்டன், தாமஸ் லர்டிங். சண்டை போடாதவர் எப்படிக் கப்பல் ஓட்டினார் என்ற உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இந்த லர்டிங்தான். போர்க்கப்பலில் இருந்து குவேக்கரானவர். 1663இல் அவர் மேட்டாக இருந்த கப்பலை அல்ஜீரியக் கொள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டபோது, கொள்ளைக்காரர்களைத் தந்திரமாகக் கீழே தூங்கப் போகவைத்து, ஆயுதங்களை எடுத்துக்கொண்டு, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் கப்பலை மீட்டார்கள். அதோடு விட்டிருந்தால் சாதாரணக் கதை. பிடிபட்டவர்களை அடிமையாக விற்காமல் அவர்கள் நாட்டுக் கரையிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். சாக்லி முதன்முதலில் கடல் கடந்தது இப்படிப்பட்டவர் பொறுப்பில் இருந்த கப்பலில்.

திரும்பிப் போய் 1699இல் லண்டனில் மார்த்தா பெட்டர்டன் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அடுத்த இரண்டு வருஷத்துக்குள் பிலடெல்பியாவில் குடியேறிவிட்டார். பென்சில்வேனியா அப்போது இருபது வயதுக் காலனி: காலனியை நிறுவிய குவேக்கர் வில்லியம் பென்னின் அப்பாவுக்குத் திருப்பித் தர வேண்டிய 16,000 பவுண்டு கடனுக்குப் பதிலாக அரசர் 1681இல் எழுதிக்கொடுத்த நிலம். அதற்கு முன்பே லெனாபே என்ற பூர்வகுடி மக்கள் அங்கே வாழ்ந்துவந்தார்கள் என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. பென் 5,000 ஏக்கரை 100 பவுண்டுக்கு விற்றார். அப்படி ஆரம்பத்தில் வாங்கியவர்களின் பட்டியலில்தான் வம்சம் தேடுகிறவர்கள் எல்லாரும் முதலில் விழுவார்கள். சாக்லியை அங்கே தேடாதீர்கள். அரசர் அந்த நிலத்தை எழுதிக்கொடுத்தபோது அவருக்கு ஆறு வயதுகூட ஆகவில்லை.

கரையில் அவர் செய்தது பெரும்பாலும் குதிரைமேல் ஊர் ஊராகப் போய்ப் போதித்தல். அதில் ஒன்றை மட்டும் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1706 வாக்கில் கொனெஸ்டோகா என்ற இடத்துப் பூர்வகுடிகளைப் பார்க்கப் போனார். அவர்கள் சபையில் ஒரு வயதான பெண்மணி பேசுகிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். உங்கள் ஆலோசனையில் பெண்கள் பேசலாமா என்று இவர் கேட்க, சில பெண்கள் சில ஆண்களைவிட அறிவாளிகள் என்று பதில் வந்ததாம்.

இப்போது நிலம். 1723இல் நகரத்தை விட்டு, பிலடெல்பியாவுக்கு வடகிழக்கே பிராங்க்போர்டில் தனக்கு இருந்த சின்னப் பிளான்டேஷனுக்குக் குடிபோனார். இந்தச் சொல்தான் உங்களைக் குழப்பியிருக்கிறது. அந்தக் காலத்துப் பென்சில்வேனியாவில் பிளான்டேஷன் என்றால் வெறும் பண்ணை, நம் ஊர் 'தோட்டம் துரவு' மாதிரி. பின்னாளில் தென் மாகாணங்களில் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்து நடந்த பருத்தித் தோட்டத்தை மனதில் கொண்டுவர வேண்டாம். அதற்காக அவருடைய பணம் சுத்தமாக இருந்தது என்றும் ஆகிவிடாது, அதற்கு வருகிறேன்.

பண்ணைக்குப் போனவர் ஏன் மறுபடி கடலுக்குப் போனார்? கடன். வியாபாரத்தில் சேர்ந்த நஷ்டம், அடைக்க வேண்டிய பாக்கி. கடனை அடைக்காமல் திவாலாவது குவேக்கர்களிடையே சும்மா போகிற விஷயம் இல்லை, சபையே கூப்பிட்டு விசாரிக்கும். அதனால் 1720களின் கடைசியிலிருந்து நியூ பிரிஸ்டல் ஹோப் போன்ற கப்பல்களுக்கு மாஸ்டராகக் கரீபியன் தீவான பார்படோஸுக்குப் போய்வர ஆரம்பித்தார், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. முதல்முறை படித்தபோது எனக்கு இதுதான் ஆச்சரியம். நாங்கள் எல்லாம் அந்த வயதில் எப்போது கரையில் உட்காரலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். பிலடெல்பியாவிலிருந்து கிளம்பினால் முதலில் டெலவேர் ஆற்றில் நூறு மைலுக்கு அருகே இறங்க வேண்டும், அதற்கே காற்றும் நீரோட்டமும் ஒத்துழைக்காவிட்டால் நாள்கணக்காகும். அப்புறம் நேரே தெற்கே போக முடியாது. பார்படோஸ் தீவு மற்றத் தீவுகளுக்கெல்லாம் கிழக்கே தனியாகக் கிடக்கிறது, வியாபாரக் காற்றோ கிழக்கிலிருந்து வீசுகிறது. தீவைத் தவறவிட்டு மேற்கே போய்விட்டால் எதிர்க்காற்றில் திரும்பி ஏறுவது நரகம். தீர்க்கரேகையைக் கடலில் துல்லியமாகக் கணக்கிட அப்போது வழியில்லை. அதனால் முன்கூட்டியே நன்றாகக் கிழக்கே போய், வடக்கு 13 பாகை அட்சரேகையைப் பிடித்து, அதே கோட்டில் மேற்கே ஓட்டிக்கொண்டே தீவு கண்ணில் படும்வரை காத்திருப்பார்கள். அட்சரேகை பார்க்கச் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று நிழலை வைத்து அளக்கிற மரக்கருவி. ஆடிக்கொண்டிருக்கிற தளத்தில் அதைப் பிடித்து நிற்க முழங்கால் வேண்டும்.

கப்பலில் அவர் கெட்ட வார்த்தையைக் கண்டித்தார், ஞாயிறு கூட்டம் நடத்தினார். மாலுமிகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது, எழுதத்தான் முடியாது.

அவரைப் பற்றிப் பிரபலமான கதை மீன் கதை. காற்றில்லாமல் கப்பல் நாள் கணக்கில் தாமதமாகி உணவு தீர்ந்துபோக, சீட்டுப் போட்டு ஒருவரைத் தின்பது பற்றி முணுமுணுப்பு எழுந்தது. சீட்டே வேண்டாம், என் உயிரைத் தருகிறேன் என்றார் சாக்லி. உன்னைத் தின்பதைவிடச் செத்துப்போவேன் என்றார்கள் மாலுமிகள். அவர் கப்பல் ஓரத்தில் சாய்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய 'டால்பின்' மேலே வந்து முகத்தைப் பார்த்தது, தூண்டில் போட்டார்கள், பிடிபட்டது, ஆறடி இருக்கும், என்னைவிட நீளம் என்று எழுதுகிறார். இந்தச் சம்பவத்தை 1866இல் கவிஞர் விட்டியர் தன் நீண்ட பனிக்காலக் கவிதையில் சேர்த்தபோது டால்பின் போய்க் கடற்பன்றிக் கூட்டம் வந்துவிட்டது. இணையத்தில் பாதிப் பேர் கவிதையைத்தான் சரித்திரமாகச் சொல்கிறார்கள். என் கருத்து, அது இன்று நாம் டால்பின் என்கிற ஓங்கிலும் இல்லை. அந்தக் காலத்து மாலுமிகள் டால்பின் என்று சொன்னது பெரும்பாலும் பொன்னும் பச்சையுமாக மின்னுகிற, இன்று ஹோட்டல்களில் மாஹி-மாஹி என்று விற்கிற மீனை. மெதுவாக மிதக்கிற எதன் நிழலிலும் வந்து நிற்கும், தூண்டிலை யோசிக்காமல் கவ்வும், ஆறடியும் வளரும். நானே நடுக்கடலில் எஞ்சின் நின்ற நாள்களில் கப்பலோரத்தில் பார்த்திருக்கிறேன்; தளத்தில் போட்டவுடன் நிறம் மாறி மாறிச் சாம்பலாகிவிடும், இரண்டு நிமிஷம்கூட ஆகாது. சாக்லி உயிரைத் தருவதாகச் சொன்னது அவரே எழுதிய வார்த்தை, அது நிச்சயம். மீன் எது என்பது ஒரு மாலுமியின் ஊகம், அவ்வளவுதான்.

பணத்துக்கு வருகிறேன். பிலடெல்பியாவிலிருந்து மாவும் பலகையும் போகும், பார்படோஸிலிருந்து சர்க்கரையும் ரம்மும் வெல்லப்பாகும் வரும். அந்தத் தீவின் கரும்பு முழுக்க ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பு; சொந்த உணவை விளைவிக்க நிலம் விடாமல் கரும்பையே நட்டதால்தான் இவர்களுடைய மாவுக்கு அங்கே விலை. ஆகவே பிராங்க்போர்டு பண்ணையைக் காப்பாற்றியது கடைசியில் அந்தக் கரும்புதான். 'அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 1688இலேயே, சில மைல் தள்ளியிருந்த ஜெர்மன்டவுன் குவேக்கர்கள் அடிமை முறைக்கு எதிராக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 1730களில் பார்படோஸைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பெஞ்சமின் லே என்ற குவேக்கர் பிலடெல்பியா பக்கம் ஒவ்வொரு குவேக்கர் கூட்டத்துக்கும் போய் அடிமை முறைக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தார், 1738இல் அவரைச் சபையே ஒதுக்கியது. பிலடெல்பியா வருடாந்தர சபை அடிமைகளை வாங்கி விற்கிற உறுப்பினர்கள் மேல் நடவடிக்கை என்று முடிவெடுத்தது 1758இல், வைத்திருந்தாலே நீக்கம் என்றது 1776இல். சாக்லி இறந்து முறையே 17, 35 வருஷம் கழித்து. அவரைக் கொடியவராகவும் நான் பார்க்கவில்லை, விட்டியர் சொல்கிற மாதிரி கடல் மகானாகவும் என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

குடும்பம். முதல் மனைவி மார்த்தாவுக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளும் சிறுவயதிலேயே போய்விட்டன, பிறகு அவரும் காலமானார். 1714இல் மார்த்தா பிரவுன் என்ற விதவையை மணந்தார். இரண்டு மனைவிகளுக்கும் ஒரே பெயர் என்பதால் பல குடும்ப மரங்களில் இரண்டு பேரும் ஒரே பெண்ணாகக் கலந்துகிடப்பதைப் பார்த்திருக்கிறேன், கவனம். இந்தக் குழந்தைகளும் ஒவ்வொன்றாக இறந்தன. மிஞ்சியிருந்த மகன் ஜார்ஜ் பத்து வயது வாக்கில் இறந்தபோது அப்பா கடலில். திரும்பி வந்தபிறகுதான் தெரியும். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன். சாட்டிலைட் போன் வருவதற்கு முன் கப்பலில் இருந்தவர்களுக்குப் புரியும்.

கடைசிப் பயணம் வியாபாரத்துக்கு இல்லை. 1741இல் சபையின் அனுமதிச் சீட்டோடு வர்ஜின் தீவுகளில் டோர்டோலாவுக்குப் போதிக்கப் போனார். அங்கே ஜான் பிக்கரிங் என்ற ஆளுநரே குவேக்கராகியிருந்தார். போன கொஞ்ச நாளில் காய்ச்சல், 66 வயதில் அங்கேயே முடிந்தது. அடக்கம் பேட் ஹாக்ஸ் பே கடற்கரை அருகே. அடுத்த வருஷம் வந்து இறந்த போதகர்கள் ஜான் கட்வாலடரும் ஜான் எஸ்டாவும் அதே இடத்தில். வந்த போதகர்கள் வரிசையாகக் காய்ச்சலில் போன தீவு. தன் புத்தகங்களைப் பிலடெல்பியா குவேக்கர்களுக்கு எழுதிவைத்தார், அதிலிருந்து அவர்களுடைய நூலகம் தொடங்கியது.

பிராங்க்போர்டு நிலம் மகள் ரெபெக்கா வழியாக அவளுடைய கணவர் ஏபல் ஜேம்ஸிடம் போனது. இந்த மருமகன் சாதாரண ஆள் இல்லை. ஜேம்ஸ் அண்ட் ட்ரிங்கர் என்ற வியாபார நிறுவனத்தின் பங்காளி; 1773இல் கிழக்கிந்தியக் கம்பெனி பிலடெல்பியாவுக்கு அனுப்பிய தேயிலையை வாங்கி வைக்க நியமிக்கப்பட்டவர்களில் அவர்களும் உண்டு. ஊர் திரண்டு வந்து கேட்டபோது, தேயிலையை இறக்கமாட்டேன் என்று தன் சொத்தையும், பக்கத்தில் பீப்பாய்மேல் உட்கார்ந்திருந்த சின்ன மகளையும் காட்டி வாக்குக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. கப்பல் திரும்பிப் போனது வரலாறு. பீப்பாயும் சிறுமியும் வழிவழியாகச் சொல்லி வந்தது. 1782இல் பிராங்க்ளினுடைய சுயசரிதையின் முதல் பகுதிக் கையெழுத்துப் பிரதி கையில் கிடைத்ததும், மீதியையும் எழுதுங்கள் என்று அவருக்குக் கடிதம் போட்டது இதே ஏபல் ஜேம்ஸ், அந்தக் கடிதத்தை பிராங்க்ளின் சுயசரிதைக்குள்ளேயே சேர்த்திருக்கிறார். மாமனாரின் சின்ன வீட்டோடு பெரிய மாளிகையைச் சேர்த்துக் கட்டியவரும் ஜேம்ஸ்தான். சாக்லி ஹால் என்று படத்தில் நீங்கள் பார்த்த மூன்று மாடிக் கட்டிடத்தில் பெரும்பகுதி அவர் கட்டியது, சாக்லி அதைப் பார்த்ததே இல்லை. சுற்றிலும் தொழிற்சாலைகள் வந்து, போன நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள்.

சரி, உங்கள் நண்பர். சொத்துக்கு நின்றது மகள், மகன்கள் யாரும் வளர்ந்து குடும்பம் நடத்தவில்லை. ஆக இவர் வழியாக சாக்லி என்ற பெயர் அமெரிக்காவில் தொடர வழியில்லை. நண்பர் பெயரை வைத்து மட்டும் சொல்கிறார் என்றால், அவர் வேறொரு சாக்லி வீட்டுக்காரராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தில் அந்தப் பெயர் உள்ள வேறு குடும்பங்களும் இருந்தன. அவருடைய மரத்தில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் என்ற குடும்பப் பெயர் எங்காவது வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். வந்தால் மறுபடி எழுதுங்கள், தேதிகளை மாதக் கணக்கோடு சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.